கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு சாட்சி சொன்னேன். அதில் பாதி பொய். எல்லோரும் கை தட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள், பாஸ்டரம்மா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பொய் என்னைத் திருவள்ளூரில் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறேன். இருபது நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது என்று உத்தரவு. எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்து எழுதுவதால் அங்கங்கே கோர்வை விட்டுப்போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரிகராக இருந்தவர். பளுவான மெஷின்களைப் பெல்ட்டும் சங்கிலியும் போட்டுத் தூக்கி, நகர்த்தி, சொன்ன இடத்தில் இறக்கி வைக்கிற வேலை. அதற்கு அவர்கள் செயின் பிளாக் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். பல்சக்கரமும் சங்கிலியும் சேர்ந்த கப்பி. ஒற்றைக் கையால் சங்கிலியை இழுத்தால் ஒரு டன் எடைகூட நோகாமல் மேலே வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் வெளியூர் வேலை ஒன்றுக்குக் காலையில் பைக்கில் போனவரை கவரைப்பேட்டை தாண்டி ஒரு லாரி தட்டிவிட்டது. முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. இடது தோளும் உடைந்து, கோணலாகச் சேர்ந்தது. வயது அப்போது ஐம்பது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று, அவளுக்குக் கைக்குழந்தை. ஆக வீட்டில் அவரும் நானும்தான்.

அவர் எடை எழுபத்து நான்கு கிலோ. என் எடை ஐம்பத்தொன்று. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளிக்கிற ஸ்டூலுக்கு, அங்கிருந்து மறுபடி நாற்காலிக்கு, மதியம் கட்டிலுக்கு, சாயங்காலம் நாற்காலிக்கு, ராத்திரி கட்டிலுக்கு. அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, ஒரு மூச்சில் தூக்கி இறக்குவேன். நான் தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வருடமும் அப்படித்தான்.

இரண்டாவது வருடத்தில் அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம். நடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, அவர்கள் பிழைப்பு அது. கதை இதுதான்: கணவன் விபத்தில் படுத்துவிடுகிறான், மனைவி அவனை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறாள். ஒரு காட்சியில் அவனை இரண்டு கையிலும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கடலுக்குள் நடந்து போகிறாள். புடவை பறக்கிறது, வயலின் அழுகிறது, அவன் கண்ணை மூடிக்கொள்கிறான், கண்ணோரம் ஒரு சொட்டு. முதலில் பார்த்தது என் நாத்தனார் லில்லி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஓடி வந்து சொன்னாள்.

"எங்க அண்ணியதான் படமா எடுத்து வச்சிக்கிறாங்க. பாத்துக்கினே இருந்தேன், அழுவ அழுவயா வந்துது."

அதன் பிறகு காலனியில் எனக்குப் பெயரே படத்துப் பொண்ணு என்றாகிவிட்டது. பெண்கள் கூடுகையில் பாஸ்டரம்மா சுவரில் வெள்ளைத் துணி கட்டி அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் சபையில் சாட்சி என்றால், கர்த்தர் எனக்கு இன்னது செய்தார் என்று எழுந்து நின்று சொல்வது. குறை சொல்கிற இடம் அல்ல அது. நான் சொன்னேன்: "எழுபத்தி நாலு கிலோவ தினமும் ஆறு தடவ தூக்கறேன். என் இடுப்புல ஒரு வலி கூட இல்ல. கர்த்தர் பெலன் கொடுத்தாரு."

அப்போது என் ஜாக்கெட்டுக்குக் கீழே, முதுகில், மெடிக்கலில் வாங்கிய வலி பிளாஸ்திரி இரண்டு ஒட்டியிருந்தது. அதன் வாசனை பக்கத்தில் இருப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்று மல்லிப்பூ கூட ஒரு முழம் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பொய்யாகிவிடும். வீட்டுக்குள் புருஷனுக்கு மூத்திரப் பை மாற்றிக்கொண்டு கிடக்கிற ஒருத்தியை ஊரே எழுந்து நின்று பார்க்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் அன்றோடு என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று இனி யாரிடம் சொல்ல முடியும்? கர்த்தரைப் பொய்யராக்கினது போல ஆகிவிடும்.

போன ஆடி மாதம் ஒரு காலை ஏழு மணிக்கு அவரை நாற்காலிக்குத் தூக்கினேன். பாதி வழியில் இடுப்பில் ஏதோ நழுவியது. சத்தம் எல்லாம் இல்லை. வலது கால் என்னுடையது இல்லை என்பது போல மடங்கியது. இரண்டு பேரும் விழுந்தோம். அவர் என் மேல், நான் சிமெண்ட் தரையில். அவரால் நகர முடியாது, என்னாலும் முடியவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எஸ்தரு, இன்னா ஆச்சு?"

"காலு இருக்கறதே தெரியலய்யா."

"உனக்குமா?" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டார் வந்து பிரித்து எடுக்கும் வரை இருபது நிமிடம் அப்படியே கிடந்தோம்.

முதலில் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். சாயங்காலம் ஆகியும் எனக்கு ஒன்றுக்குப் போக வரவில்லை. வயிறு கல்லாக இருந்தது, உட்காருகிற இடம் மரத்துவிட்டது. லில்லியின் வீட்டுக்காரர் பால்ராஜ் ஒரு வேனைப் பிடித்து திருவள்ளூருக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, மேலே தூக்குங்கள் என்றார். தூக்கினேன். அது அப்படியே இருந்தது. தூக்கிவிட்டேன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே நான் ஸ்ட்ரெச்சரிலும் லில்லி பெஞ்சிலுமாக ஒரு மணி நேரம் காத்திருந்தோம். காந்த ஸ்கேன் என்பதால் மோதிரம், வளையல், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி லில்லி முந்தானையில் முடிந்துகொண்டாள். குழாய்க்குள் தள்ளினார்கள். டமடமவென்று தகரத்தில் அடிக்கிற மாதிரி சத்தம். எஸ்டேட் பக்கத்தில் குடியிருப்பவளுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா, நான் நடுவில் கொஞ்சம் தூங்கிக்கூடப் போனேன். அவ்வளவு நாள் கழித்து யாரும் கூப்பிடாத இருபது நிமிடம்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லையாம், கட்டை கட்டையாக அடுக்கியிருக்கிறதாம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு. கீழே இருந்து இரண்டாவது மெத்தை கிழிந்து, உள்ளே இருந்தது பிதுங்கி, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புக் கொத்தை நசுக்குகிறது. இன்றைக்கே எடுத்தாக வேண்டும், தாமதித்தால் மூத்திரம் தானாகப் போகிற சக்தி திரும்பாமலே போகலாம் என்றார்.

"எவ்ளோ நாளா வலி இருந்துச்சும்மா?"

"ஒன்றர வருசமா சார்."

"யார்கிட்டயும் காட்டலியா?"

காட்டவில்லை, சாட்சி சொல்லிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? லில்லி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று ராத்திரியே ஆபரேஷன் ஆனது. விழித்தபோது தொண்டை காய்ந்திருந்தது, முதுகில் இரண்டு விரல்கடை அளவுக்குக் கட்டு. கட்டில் ஓரத்தில் ஒரு மூத்திரப் பை தொங்கியது. அதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடையதைத் தினமும் நான்தான் காலி செய்வேன், குழாய் மடங்கியிருக்கிறதா, நிறம் எப்படி, எவ்வளவு என்று பார்ப்பேன். இப்போது அந்தப் பை என்னுடையது. நர்ஸ் வந்து என்னை உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் மரக்கட்டையை உருட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்பினாள். அதையும் நான் தினமும் செய்வேன், படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. திருப்பப்படுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் அதுவரை தெரியாது. கூரை சுற்றிக்கொண்டு வருகிறது, விழுந்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறது. கண்ணை மூடத்தான் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் லில்லி வீட்டுக்குப் போனாள், அதுவரை பால்ராஜ் பொறுப்பில் இருந்த அவரைப் பார்த்துக்கொள்ள. மகளால் பிள்ளையை விட்டு ஓசூரிலிருந்து வர முடியவில்லை, எனக்குத் துணைக்கு யாரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா என்று ஒரு அம்மா இருந்தார், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துக்காரர், படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். அவர் மருமகள்தான் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தாள், தலை பின்னிவிட்டாள், பையைக் காலி செய்தாள். முதல் நாள் அவள் என் பையைக் கையில் எடுத்தபோது நான் அழுதுவிட்டேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

நான்காம் நாள் லில்லியிடமிருந்து போன்.

"அண்ணி, எப்ப வருவ?"

"டாக்டர் சொல்லணும்டி."

"பால்ராஜும் நானும் ரெண்டு பேரா தூக்கறோம். எனக்கு இப்பவே நெஞ்செல்லாம் வலிக்குது. மூணு வருசம் எப்டி அண்ணி தூக்கின? ஒத்த ஆளா?"

எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். இரண்டே நாளில் தெரிந்துவிட்டதா என்று. அப்புறம் அவள் மேல் பாவமாக இருந்தது.

கன்னியம்மா போனில் எந்நேரமும் படம் ஓடும். ஆறாம் நாள் மதியம் அந்தப் பக்கத்திலிருந்து வயலின் கேட்டது. எனக்குத் தெரியும் அந்த வயலின். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் போனைக் கேட்டு வாங்கினேன். முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அழவில்லை, நிறுத்தி நிறுத்தி, பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

"இன்னாமே, படம் பாக்கறியா, தொலஞ்சத தேடறியா?"

"தேடறேங்கா. இவ அவனுக்கு எப்ப வெளிக்கி எடுத்துவுடறான்னு பாக்கறேன்."

கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தார். இடுப்பு வலித்து, சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது. "பாவி, சிரிக்க வக்காதமே," என்றார்.

இரண்டரை மணி நேரப் படத்தில் மலம் எடுத்துவிடுவது இல்லை. மூத்திரப் பை இல்லை. அவன் கால் இழுத்து இழுத்து உதறவில்லை. அவளுக்கு இடுப்பு ஒருமுறைகூட வலிக்கவில்லை. கடல் காட்சியில் தூக்குகிறாளே, அதை மட்டும் நாலு தரம் பார்த்தேன், நடுவில் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கட்டிலில் படுத்திருக்கிறான். வெட்டு. அவள் கையில் இருக்கிறான். இன்னொரு இடத்தில், கட்டிலில் இருக்கிறான், வெட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். என் மூன்று வருடம் முழுக்க அந்த வெட்டுக்கு உள்ளேதான் இருந்தது. அதைத்தான் அவர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள். போனைக் கன்னியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் உடற்பயிற்சி சொல்லித்தர பிசியோ பெண் வந்தாள். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கட்டைவிரலை அசைக்கச் சொன்னாள். ஒரு துளி அசைந்தது. கன்னியம்மா கட்டிலில் இருந்தே, "அசையுது அசையுது," என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டேன், இனி என் வீட்டுக்காரரை எப்போது தூக்கலாம் என்று.

"தூக்கவே கூடாதும்மா. அஞ்சு கிலோவுக்கு மேல எதுவுமே தூக்கக் கூடாது. இன்னொரு வாட்டி பிதுங்கினா கால் திரும்பாது."

"அப்ப அவர யாரு தூக்கறது?"

அவள் நோட்டும் பேனாவும் எடுத்தாள். "அவருக்கு கை நல்லா இருக்கா?"

"இடது தோளு உடஞ்சு சேந்துது. ஊணி எழும்ப முடியாது. வலது கை நல்லாதான் கீது."

"இழுக்க முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

"நீங்க தூக்கறப்போ அவரு என்னம்மா பண்ணுவாரு?"

"கண்ண மூடிக்குவாரு."

"என்ன வேலை பார்த்தாரு?"

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "டன் கணக்குல தூக்கினவர நீங்க தூக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவருக்குப் போன் செய்து, டாக்டர்களும் பிசியோவும் சொன்னதை மறைக்காமல் சொன்னேன்.

"இனிமே நீ என்ன தூக்காத," என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் நான் அடித்தபோது எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

ஒன்பதாம் நாள் லில்லி போனில் சொன்னாள். "அண்ணி, ஒண்ணு சொல்றேன், பேஜாராவாத. திருவள்ளூராண்ட ஒரு காப்பகம் கீதாம். படுத்தவங்கள வச்சி பாத்துக்கறாங்களாம். அண்ணன்கிட்ட கேட்டேன். போறேன்னு சொல்லிச்சு."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். முதலில் வந்தது நிம்மதி. தூங்கலாம், இனிமேல் விடிய விடிய தூங்கலாம் என்று. அது வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவருக்கு வேண்டியதை எல்லாம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். அவருக்குக் காபியில் சர்க்கரை அரை ஸ்பூன்தான், தலையணை ஒன்று முதுகுக்கும் ஒன்று முட்டிக்கும், முதுகு அரித்தால் சொல்ல மாட்டார், தலையை லேசாக ஆட்டுவார். இதெல்லாம் அங்கே யாருக்குத் தெரியும்? படத்துப் பெண் என்றால் இந்த இடத்தில் கட்டிலை விட்டு எழுந்து ஓடியிருப்பாள். நான் பை தொங்க, கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவரைத் தூக்க எனக்கு இடுப்பு இல்லை, அனுப்ப மனசு இல்லை. மீதி ஐந்து நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மூத்திரக் குழாயை எடுத்தார்கள். ஒன்றுக்குத் தானாக வருகிறதா என்று மூன்று மணி நேரம் காத்திருந்தோம், நானும் கன்னியம்மாவும் அவர் மருமகளும். வந்தது. இந்த வயதில் அதற்கு மூன்று பெண்கள் கை தட்டினார்கள். சபையில் கிடைத்த கைதட்டலைவிட இது எனக்கு ஒத்துக்கொண்டது. பாஸ்டரம்மா ஒரு நாள் பழத்தோடு வந்து ஜெபம் செய்தார். "சீக்கிரம் எழும்பி இன்னொரு சாட்சி சொல்லணும் சிஸ்டர்," என்றார். சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் அப்போதே இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பதினான்காம் நாள் பால்ராஜ் வேன் கொண்டுவந்தார். பின் சீட்டில் மல்லாக்கப் படுத்துக்கொண்டேன். பால்ராஜ் வெல்டர், சாதாரணமாகவே வாய் திறக்க மாட்டார். பெரியபாளையம் தாண்டியதும் கேட்டேன்.

"அவரு போயிட்டாரா?"

"யாரு?"

"உன் மச்சான். காப்பகத்துக்கு."

"ஊட்டுக்குப் போயி பாத்துக்க அக்கா," என்றார். கவரைப்பேட்டை மேம்பாலத்தில் ஏறினோம். அவர் விழுந்த இடத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்களுடையது ஷீட் போட்ட வீடு. லில்லி கையைப் பிடித்து உள்ளே நடத்திப்போனாள். கட்டிலில் அவர் இல்லை. கட்டிலுக்கு மேலே இரண்டு சிமெண்ட் மூட்டை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலின் இரண்டு பக்கமும் அடியில் சக்கரம் வைத்த கனமான இரும்புக் குழாய், மேலே குறுக்கே ஒரு பீம், வெல்டிங் கறுப்பு இன்னும் போகவில்லை. பீமிலிருந்து ஒரு செயின் பிளாக், அதன் கொக்கியில் அகலமான பெல்ட்டில் மூட்டைகள். அவர் மூலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையில் வாட்சை வைத்துக்கொண்டு மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கட்டிலில் உட்காரப் போனேன்.

"அதுக்குக் கீழ போவாத," என்றார். "தொங்கற லோடுக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது. அந்த ஸ்டூல்ல உக்காரு."

"இன்னாயா இது?"

"லோட் டெஸ்ட். நூறு கிலோ. பகல் முழுக்கத் தொங்கணும். இன்னும் ரெண்டு மணி நேரம் கீது."

லில்லி என் காதருகே வந்தாள். "சத்தியம் வாங்கிகிச்சு அண்ணி, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு. டெஸ்ட்ல விழுந்துட்டா காப்பகந்தான், அதுக்கப்புறம் பேசக் கூடாதுன்னுச்சு. போன எடுத்தா வாய் தவறி சொல்லிடுவேன்னு அண்ணன் எடுக்கல."

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள், சொந்தக் கட்டிலில் படுக்க முடியாமல், சிமெண்ட் மூட்டைக்காகக் காத்திருந்தேன். லில்லி எனக்குப் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். பாயில் படுத்தபடி கேட்டேன்.

"மொதல்லயே ஏன் பண்ணல?"

அவர் வாட்சைப் பார்த்தபடியே சொன்னார். "எங்க வேலையில மொத பாடமே அதான். செயின் பிளாக்குல மனுசன தூக்கக் கூடாது. சரக்கத்தான் தூக்கணும். எனக்கு அது... நான் சரக்கில்லன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ தூக்கறப்ப மனுசனா இருந்தேன்."

"என் இடுப்பு?"

"உனக்கு வலிக்கலன்னு சபையில சொன்னியே."

நான் மேலே தொங்குகிற மூட்டைகளைப் பார்த்தேன். லில்லி டீ போட்டாள்.

நேரம் முடிந்ததும் பால்ராஜ் மூட்டைகளை இறக்கினார். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தார்கள் இருவரும். அவருக்கு உயரத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற உடம்பு பெல்ட்டை மாட்டினார்கள், அது மனுஷனுக்கானது, தொடைக்கும் நெஞ்சுக்கும் வார் உண்டு. பிளாக் நழுவினாலும் விழாமல் இருக்க, பீமிலிருந்து இன்னொரு கயிறு தனியாக. இதைப் படிக்கிற யாரும் இதைப் பார்த்து அப்படியே செய்துவிடாதீர்கள். பிசியோ பெண் வீடியோவில் பார்த்துத் திட்டித்தான் தீர்த்தாள், நோயாளியைத் தூக்குவதற்கென்றே தனியாக மெஷின் இருக்கிறதாம். அது எங்களுக்கு எட்டாது என்று தெரிந்ததும், வார் அழுத்துகிற இடத்தில் பஞ்சு வைக்கவும், தினமும் தோலைப் பார்க்கவும் சொல்லி, உட்காருகிற பட்டையையும் அகலமாக மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறோம்.

பால்ராஜும் லில்லியும் கடைசித் தடவையாக அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, கொக்கியை மாட்டினார்கள். அவர் வலது கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"சிக்னல் யாரு?" என்றார் பால்ராஜ்.

"அவதான். ஒருத்தர்தான் காட்டணும். எஸ்தரு, விரல மேல காட்டிச் சுத்தினா தூக்கறேன். கீழ காட்டினா எறக்கறேன். முஷ்டி மூடினா நிறுத்திடுவேன். நீ இன்னா காட்றியோ அதான்."

சுவரில் சாய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்து விரலை மேலே காட்டினேன். அவர் இழுத்தார். கடகடவென்று சங்கிலி ஓடியது, ஆனால் அவர் வந்தது மெதுவாக, மிக மெதுவாக. முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு அந்த இரண்டு கால்களும் மெத்தையை விட்டுக் கிளம்பி, பேண்ட் துணி மாதிரி தொங்கின. கட்டிலுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நான் முஷ்டியை மூடினேன். கை நின்றது. அந்தரத்தில் லேசாகச் சுற்றி என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் கவனித்தேன், கண்ணை மூடவில்லை.

"சைடுல காட்டு எஸ்தரு. பால்ராஜு பீமத் தள்ளணும்."

"இரு."

"இன்னா?"

"எனக்கு ஒன்றர வருசமா இடுப்பு வலி. சபையில சொன்னது பொய்."

தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். லில்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றார் அவர். "பிளாஸ்திரி வாசன அடிக்கும். நீ தூக்கறப்ப மூக்காண்டதான வருது."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ தூக்க மாட்ட. அதான் கண்ண மூடிக்குவேன்."

எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. எழுந்து போக முடியாது, அடிக்கவும் முடியாது. முஷ்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். லில்லி போட்ட டீ பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது. இடது கையால் எடுத்துக் கடைசி வரை குடித்தேன். அவர் தொங்கினார். சைடில் காட்டு என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. நான் டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு விரலை விரித்துப் பக்கவாட்டில் காட்டினேன். சக்கரம் வைத்த இரும்புக் கால்களைப் பால்ராஜ் தள்ள, பீமோடு சேர்ந்து அவர் நாற்காலிக்கு மேலே வந்தார். விரலைக் கீழே காட்டினேன். இழுத்து இழுத்துத் தன்னைத் தானே இறக்கிக்கொண்டார். உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை.

"எம்மா நேரம் ஆச்சு?" என்று பால்ராஜைக் கேட்டார்.

"நடுவுல அக்கா டீ குடிச்சதோட சேத்து பதினோரு நிமிசம்."

கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பதினோரு நிமிடம். ஒரு வெட்டுகூட இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை, உட்கார்ந்தே பார்த்தேன்.